மலையிறங்கிப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

வருடாவருடம் பிளஸ் டூ முடித்ததும் நம் இடுக்கி மாவட்டத்து மறையூர், காந்தளூர், கோவில்கடவுப் பிள்ளைகள் கல்லூரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பாதிப் பேர் சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்குகிறார்கள். சிலர் மூணாறுக்கு ஏறுகிறார்கள். இன்னும் சிலர் பொள்ளாச்சியைச் சுற்றிக்கொண்டு பாலக்காடு, சிற்றூர் என்று போகிறார்கள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டே தலை நரைத்த பழைய பி.டி. மாஸ்டர் நான். கிளம்புகிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "சார், அங்க போய் என்ன பண்ணணும்?" என்று கேட்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் இப்போது எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஓடுகிற பிள்ளைக்கும் காலேஜ் யூனியனில் நிற்க நினைக்கிற பிள்ளைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெரும்பாலும் அது ஒரே பிள்ளையாகத்தான் இருக்கும். நன்றாக ஓடுகிறவனைக் கேப்டன் ஆக்குவார்கள். கேப்டன் ஆனதும் அவன் ஓடுவது குறைந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்து நடத்திக் காட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். யாரும் பார்க்காத வேலையை அவர்கள் சலிக்காமல் செய்தார்கள் என்பதுதான் நான் கண்டது.

1. மலைக்காரன் என்ற பெருமையைச் செக்போஸ்ட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போ.

"எங்களுக்கு மூச்சு நிக்கும் சார், நாங்க மலையில பொறந்தவங்க" என்று முதல் வருடம் எல்லோரும் சொல்வார்கள். மறையூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர்தான். ரத்தத்தில் சிவப்பணு கூடுவதற்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் மூன்று நான்கு வாரமாவது தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்களின் கணக்கு. உயர்மலைப் பயிற்சி மையம் இருக்கிற மூணாறே 1,500, 1,600 மீட்டரில்தான் இருக்கிறது. ஆகவே நம் ஊர்க் காற்று உன் ரத்தத்தில் பெரிதாக எதையும் சேர்த்து வைக்கவில்லை.

இடுக்கி மாவட்டம் பெரிய ஓட்டக்காரர்களைக் கொடுத்தது உண்மை. கொம்பொடிஞ்சாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி வரை போனார். 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் அவருக்கு 800 மீட்டரில் தங்கம். அதே விளையாட்டில், அதே 800 மீட்டரில், ஆண்கள் பிரிவில் அவர் தம்பி பினுவுக்கு வெள்ளி. முல்லக்கானத்துப் பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கினார். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னோடியான ஓட்டக்காரி ஷைனி ஆபிரகாம் பிறந்தது தொடுபுழாவில். அது மலையடிவாரத்து ஊர், ஏறக்குறைய சமவெளி. உயரம்தான் காரணமென்றால் இந்தக் கணக்கு ஒத்து வராது.

மறையூர் உனக்கு உண்மையில் கொடுத்தது இரண்டு. ஒன்று, மேடு. கரும்புத் தோட்டத்துக்கும் பள்ளிக்கும் ஏறி இறங்கிய கால் உனக்கு இருக்கிறது. இன்னொன்று, மழை மறைவு. ஜூன், ஜூலையில் மூணாறு நனைந்து கிடக்கும்போது நம் மைதானத்தில் தூறலும் காற்றும்தான் இருக்கும். இடுக்கியின் மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஷெட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற மாதங்களில் நீ ஓட முடியும். விடுமுறைக்கு வரும்போது இதைப் பயன்படுத்திக்கொள்.

2. கோடு போடக் கற்றுக்கொள்.

ஓடுவதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள் என்று நான் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு பழக்கமில்லாத மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியும் டேப்பும் முளைக்குச்சியும் கொடுத்து, "டிராக் போடு" என்றால் போடத் தெரிந்த மாணவன் ஒரு கல்லூரிக்கு ஒருவன்கூட இருக்க மாட்டான். அந்த ஒருவனாக நீ இரு.

நம் ஊர்ப் பக்கம் 400 மீட்டர் டிராக்குக்கு இடம் கிடையாது, 200 மீட்டர்தான். அதற்குக் கணக்கு இப்படி. நடுவில் 40 மீட்டர் தூரத்தில் இரண்டு முளை அடி. ஒவ்வொரு முளையிலிருந்தும் 18.80 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் போடு. இரண்டு அரைவட்டத்தையும் நேர்க்கோட்டால் சேர். உள் விளிம்பில் திட்டு இருப்பதாகக் கொண்டால், முதல் லேனை அளப்பது விளிம்பின் மேல் அல்ல, அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. அதனால் ஓடுகிற ஆரம் 19.10 மீட்டர். இரண்டு வளைவும் சேர்ந்து 120 மீட்டர், நேர்க்கோடு இரண்டும் 80, மொத்தம் 200. லேன் அகலம் 1.22 மீட்டர். அரைவட்டம் போடச் சணல் கயிறு கட்டாதே. இழுக்க இழுக்க அது நீளும், கடைசியில் வட்டம் முட்டை வடிவில் வந்து நிற்கும். கம்பி கட்டு. மூலைக்குச் செங்கோணம் பார்க்க 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போதும்.

ஸ்டாகர் என்று ஒன்று இருக்கிறது. வெளி லேன்காரன் கூடுதல் தூரம் ஓடாமலிருக்க அவனை முன்னால் நிறுத்துவது. ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாவது லேனுக்கு 7.04 மீட்டர், அதற்குப் பிறகு ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 400 மீட்டர் டிராக்கானாலும் 200 மீட்டர் டிராக்கானாலும், லேன் அகலம் ஒன்றாக இருந்தால் இந்த அளவு மாறாது. ஏன் என்று பேப்பரில் போட்டுப் பார். பத்தாம் வகுப்புக் கணக்குதான். எனக்குத் தெரிந்து பாதி பி.டி. மாஸ்டர்களே இதை நம்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள்.

ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சரிவு கூடாது என்பது சர்வதேச விதி. நம் அஞ்சுநாட்டுப் பகுதியில் எந்த மைதானமும் அந்த விதிக்குள் அடங்காது, அதை விட்டுத்தள்ளு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கோடு போடுகிறவனுக்கு எட்டு லேனும் கண்ணில் தெரியும். ஓடுகிறவனுக்குத் தன் லேன் மட்டும்தான் தெரியும். பொறுப்புக்கு வருவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. புதுக் கல்லூரியில் உன்னை யாருக்கும் தெரியாது. காலை ஆறு மணிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கையோடு குனிந்து நிற்கிற பிள்ளையைப் பிசிக்கல் டைரக்டர் மறக்க மாட்டார்.

3. சீட் வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேள்.

மைதானம் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறதா, ஹாஸ்டல் உண்டா, தடகளத்துக்கென்று தனிப் பயிற்சியாளர் தினமும் வருகிறாரா. கட்டடத்தையும் நோட்டீஸில் போட்டிருக்கிற கோப்பைகளையும் பார்த்து ஏமாறாதே.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்து, பாட்டி வளர்த்த பிள்ளை. செருப்பில்லாமல் ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுபிடித்து, லேடி டோக் கல்லூரியில் சீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் வழி செய்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 ரிலேயில் அவர் இந்தியாவுக்காக ஓடினார். திறமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ராத்திரி படுக்க இடமும், காலையில் எழுந்தால் பயிற்சியும், மூன்று வேளைச் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்தது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் இரண்டு மணி நேரம் திரும்பி வருகிற பிள்ளையால் எதுவும் ஆகாது. சின்னாறு ரோட்டில் யானை நின்றால் அதுவும் போச்சு.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் போகும்போது சர்டிபிகேட்டை லேமினேஷன் செய்துகொண்டு போகாதே. பின்பக்கம் முத்திரை இருந்தால் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

4. பெரிய பதவிக்கு முன் கணக்குப் புத்தகத்தைக் கேள்.

கேப்டன் ஆக வேண்டுமென்று ஆசையா? முதலில் டீம் மேனேஜருக்கு உதவியாக வெளியூர் போட்டிக்குப் போய் வா. பன்னிரண்டு பேர், மூன்று பஸ், ஒரு ராத்திரித் தங்கல், டி.ஏ. என்கிற தினப்படிப் பணம். இதைக் கணக்குத் தீர்த்துக் கொண்டுவந்து ஆபீஸில் ஒப்படைத்துப் பார். தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், டிக்கெட் எண், தொகை என்று ஐந்து கட்டம் போதும். இப்போது பஸ் டிக்கெட்டெல்லாம் மெஷின் தாளில் வருகிறது. கொஞ்ச நாளில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வை. ஆளுக்கு எவ்வளவு டி.ஏ. என்பதைப் புறப்படும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடு. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. பத்து ரூபாய் என்றாலும் வாங்கு.

கூட ஓடுகிறவன் உன்னைத் தலைவனாக ஏற்றுக்கொள்வது நீ மேடையில் பேசும்போது அல்ல. ராத்திரி பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில், கடைசிப் பிள்ளைக்கும் பரோட்டா வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நீ சாப்பிட உட்காரும்போதுதான்.

5. எலெக்சனில் நிற்பதானால் விதியைத் தெரிந்துகொண்டு நில்.

மறையூர்ப் பிள்ளைக்கு ஒரு விசித்திரமான வசதி உண்டு. உடுமலைக்குப் போனால் பாரதியார் பல்கலைக்கழகம், மூணாறுக்குப் போனால் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், பாலக்காட்டுக்குப் போனால் காலிகட். உடுமலைப் பக்கம் கட்சிக் கொடியோடு காலேஜ் தேர்தல் பார்ப்பது அரிது. கேரளத்தில் அது திருவிழா. காலிகட் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 'ஜெனரல் கேப்டன்' என்று விளையாட்டுக்கென்றே ஒரு பதவிக்குத் தேர்தல் நடக்கும். நம் பிள்ளைகளுக்குக் கண் வைக்கத் தோதான பதவி அதுதான். சேர்மனாகி ஊர்வலம் போவதைவிட, மைதானத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கொண்டுவர முடிகிற பதவி.

லிங்தோ கமிட்டி என்று கேள்விப்பட்டிருப்பாய். மாணவர் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று சொன்ன அந்த அறிக்கையை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்களின் கவுன்சிலுக்கும் நடந்த வழக்கு. அந்த அறிக்கைப்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். 75 சதவீதமாவது வருகைப் பதிவு வேண்டும். நிற்கிற வருடம் அரியர் இருக்கக் கூடாது. நிர்வாகிப் பதவிக்கு ஒரே ஒரு முறைதான் நிற்கலாம். நடைமுறையில் எத்தனை கல்லூரியில் இதெல்லாம் அப்படியே நடக்கிறது என்பதை நீயே போய்ப் பார்த்துக்கொள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கடைசி விதி. ஒரே முறைதான் என்றால் முதல் வருடமே குதிக்காதே. இரண்டு வருடம் ஓடு, ஆட்களைத் தெரிந்துகொள், எந்த டிபார்ட்மெண்டில் யாருக்கு என்ன குறை என்று கேள். வருகைப் பதிவு ஓட்டக்காரனுக்கு எப்போதும் தலைவலி. போட்டிக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் டியூட்டி லீவு எழுதி வாங்கி, நகல் வைத்துக்கொள். செமஸ்டர் கடைசியில் ஓடிப்போய்க் கெஞ்சுவது ஒரு கேப்டனுக்கு அழகில்லை.

எலெக்சன் நடக்கிற இரண்டு வாரமும் காலைப் பயிற்சியை விடாதே. சாயந்திரம் விட்டால் விடு.

6. இரண்டு மொழியும் உன்னுடையது என்று நடந்துகொள்.

மூணாறிலும் பாலக்காட்டிலும் மெஸ்ஸில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசை, மலையாளப் பிள்ளைகள் ஒரு மேசை என்று உட்காருவது தானாக நடக்கும். மறையூரில் வளர்ந்த உனக்கு இரண்டும் வாயில் வரும். நீ நடுவில் உட்கார். ரிலே டீமில் ஒருவன் தமிழிலும் ஒருவன் மலையாளத்திலும் கத்திக்கொண்டிருந்தால் பேட்டன் கீழேதான் விழும். கத்துகிற சொல் ஒன்றாக இருக்கட்டும், அது எந்த மொழியானாலும் சரி.

7. விதிப் புத்தகத்தை நீயே படி.

தொடுபுழாவில் பிறந்த ஷைனி ஆபிரகாம், பிறகு ஷைனி வில்சன், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை போனவர். இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக் தடகளத்தில் அரையிறுதி தொட்டது அதுதான் முதல் முறை. அடுத்த வருடம் ஜகார்த்தாவில் ஆசியச் சாம்பியன். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டு. 800 மீட்டரில் முதல் வளைவு முடிகிற வரை அவரவர் லேனில்தான் ஓட வேண்டும். பிரேக் லைனைத் தாண்டிய பிறகுதான் உள்ளே வரலாம். முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஷைனி அந்தக் கோட்டுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்தார்கள். இரண்டு நிமிட ஓட்டத்தில் ஒரு நொடி விஷயம்.

அந்த அளவு அனுபவம் உள்ளவருக்கே நடந்தது, உனக்கு ஜோனல் மீட்டில் நடக்காதா? 4x100 ரிலேயில் பேட்டன் மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர். பழைய 20 மீட்டர் கணக்கை இன்னும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேப்டன் என்றால் போட்டிக்கு முதல் நாள் ராத்திரி டீமை உட்கார வைத்து, அவரவர் ஈவெண்ட்டின் விதியை அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்.

ஷைனி சியோலோடு முடிந்துபோகவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் அணிவகுப்பில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் இந்தியா அந்தக் கொடியைக் கொடுத்ததில்லை. பின்னாளில் சென்னையில் இந்திய உணவுக் கழகத்தில் அதிகாரியாக இருந்தார். விளையாட்டுக் கோட்டா வேலை என்றால் என்ன என்று கேட்கிற வீட்டாருக்கு இதையும் சொல்.

8. கடைசித் தேதி என்று எழுதியிருந்தால் அது கடைசித் தேதிதான்.

பாலக்காடு முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா, கூலி வேலை செய்த பெற்றோரின் மகள். 2017 ஜூலையில் புவனேஸ்வரில் 1,500 மீட்டரில் ஆசியச் சாம்பியன் ஆனார். அடுத்த மாதம் லண்டனில் உலகச் சாம்பியன்ஷிப். இந்திய அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெயர் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டது என்று சர்வதேசச் சம்மேளனம் மறுத்துவிட்டது. நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தும் ஓட முடியவில்லை.

சித்ராவின் நியாயம் வேறு பெரிய விஷயம். உனக்கு நான் சொல்வது சின்ன விஷயம்: என்ட்ரி பாரம். கல்லூரிப் போட்டிகளில் பாதி அநியாயம் யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. பிறந்த தேதி தப்பு, போட்டோ ஒட்டவில்லை, முதல்வர் கையெழுத்து இல்லை, மெயில் போகவில்லை. கேப்டன் தன் டீமின் ஒவ்வொரு பாரத்தையும் ஒரு முறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பெயர் விட்டுப்போனால் கத்தாதே. தேதி, டைமிங், எந்த மீட் என்று எழுதி, அன்றைக்கே கொடு, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கு.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சித்ராவுக்கு வெண்கலம். 2019இல் தோஹாவில் மறுபடியும் ஆசியத் தங்கம். கோர்ட்டுக்கு அலைந்த நாட்களிலும் அந்தப் பெண் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இது நடக்காது.

9. கோச்சிடம் வலியை மறைக்காதே.

10. டப்பா பவுடரைத் தொடாதே.

ஜிம்மில் யாராவது தருவான். உடம்பில் தடை செய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் "எனக்குத் தெரியாது சார்" என்பது எடுபடாது. உடம்புக்குள் போனதற்கு ஓடியவர்தான் பொறுப்பு என்பதே விதி. ஊக்கமருந்துத் தடுப்பு ஆட்கள் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும் வருகிறார்கள். வறுத்த நிலக்கடலையும் நம் ஊர் உருண்டை வெல்லமும் போதும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம், ஹாஸ்டல் அறையில் பெருமையாகவே எடுத்து வைக்கலாம். பெண் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் இரும்புச்சத்து பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டம் திடீரென்று கனத்தால் அது சோம்பல் அல்ல, சோகையாக இருக்கலாம்.

11. உன் இரண்டாவது நல்ல நாளைக் கவனி.

பாலக்காட்டு முரளி ஸ்ரீசங்கர் நீளம் தாண்டுகிறவர். அப்பா முரளி மும்முறைத் தாண்டுதல் வீரர், அவரே பயிற்சியாளர். படிப்பிலும் கெட்டிக்காரப் பையன், பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியில் கணிதம் எடுத்துப் படித்தார். 2018 காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பவிருந்த நேரத்தில் குடல்வால் பிரச்சினை வந்து அறுவை சிகிச்சை. அந்த வருடம் செப்டம்பரிலேயே 8.20 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் அவர் தாண்டியது 8.08. தங்கம் வாங்கிய பஹாமாஸ் வீரரும் அதே 8.08. ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசமில்லை. அப்போது என்ன செய்வார்கள்? இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டுதலைப் பார்ப்பார்கள். அதில் பஹாமாஸ் வீரர் முன்னால் இருந்தார், ஸ்ரீசங்கருக்கு வெள்ளி.

இதை நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு பெரிய தாண்டலை நம்பிப் பயிற்சி செய்யாதே. சுமாரான நாளில் எவ்வளவு வருகிறதோ அதை உயர்த்து. பொறுப்பில் இருப்பவனுக்கும் இதேதான். எல்லோரும் கைதட்டுகிற நாளில் நீ எப்படி இருக்கிறாய் என்பது எனக்கு வேண்டாம். காய்ச்சலும் இன்டர்னல் பரீட்சையும் ஒன்றாக வந்த வாரத்தில் ஜூனியரிடம் எப்படிப் பேசினாய் என்று சொல்.

12. வராத பிள்ளையைப் போய்ப் பார்.

டீமில் திடீரென்று ஒருவர் வருவதை நிறுத்தினால், "சோம்பேறி" என்று பெயரை அடிப்பது சுலபம். மலைக்குடியிருப்பிலிருந்து வருகிற முதுவான் பழங்குடிப் பிள்ளை என்றால் வீட்டுக்குப் போக ஜீப் வரை நடக்கவே பல மணி நேரம் ஆகலாம். அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆள் இல்லாமல் நின்றிருக்கலாம். பெண் பிள்ளை என்றால் மைதானத்தில் உடை மாற்ற இடமில்லை, இருட்டிய பிறகு ஹாஸ்டலுக்குத் துணையில்லை, டிராக் சூட்டுக்கு வீட்டில் சண்டை என்று ஏதாவது இருக்கும். இதெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பயிற்சி நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினால் தீர்ந்துபோகிற பிரச்சினையால் நல்ல ஓட்டக்காரிகள் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் கேப்டனின் வேலை.

13. உனக்குப் பிறகு ஓடப்போகிறவனுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போ.

ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ரோஜர் பானிஸ்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1954 மே 6, ஆக்ஸ்போர்டின் இஃப்லி ரோடு மைதானம், 3 நிமிடம் 59.4 நொடி. அந்த மைதானத்தின் கதை அவ்வளவாகத் தெரியாது. அவர் அங்கே மாணவராக இருந்தபோது அது மேடும் பள்ளமுமான பழைய டிராக். மூன்று சுற்று ஓடினால் ஒரு மைல் வரும். பல்கலைக்கழகத் தடகளக் கழகத்துக்கு மாணவர் தலைவரானதும் பானிஸ்டர் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று, அதைப் பெயர்த்து ஆறு லேன் கொண்ட சரியான 440 கஜ டிராக் போட வைப்பது. அதற்குப் பிறகு படிப்பை முடித்து மருத்துவம் படிக்க லண்டனுக்குப் போய்விட்டார். சாதனை படைத்த அன்று அவர் ஆக்ஸ்போர்டு மாணவர்கூட இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எதிரணியில் ஓட வந்தவர். முன்னால் ஓடி வேகம் கொடுத்த பிராஷரும் சாட்டவேயும் இல்லாமல் அந்த நேரம் வந்திருக்காது என்பதும் உண்மை.

தான் போட வைத்த டிராக்கிலேயே அவருக்குச் சாதனை வாய்த்தது அதிர்ஷ்டம். பெரும்பாலானவர்களுக்கு அது வாய்க்காது. நீ கேட்டு வாங்கிய தண்ணீர்க் குழாயில் வேறு யாரோ முகம் கழுவுவார்கள், உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அது பிடிக்கவில்லை என்றால் ஓட்டத்தோடு நின்றுகொள், தப்பே இல்லை. நல்ல ஓட்டக்காரர்கள் எல்லோரும் தலைவர்களாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

14. கடைசி வருடம் மார்ச்சுக்குள் ஒப்படைத்துவிடு.

பரீட்சை முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகு ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுகிற நிலை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அடுத்த கேப்டன் யாரென்று தெரிந்ததும் அவனையோ அவளையோ கூட்டிக்கொண்டு உள்ளே போ. ஹர்டில்ஸ் எத்தனை, அதில் கால் ஆடுவது எத்தனை, ஈட்டி, குண்டு, வட்டு, டேப், ஸ்டாப் வாட்ச், பேட்டன், முதலுதவிப் பெட்டியில் தேதி முடிந்த மருந்து என்று ஒவ்வொன்றாக எண்ணி ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உடைந்ததை உடைந்தது என்றே எழுது. எந்தக் கடைக்காரர் கடன் தருவார், எந்த கிளார்க்கிடம் காலையில் போனால்தான் பில் பாஸாகும், எந்தக் கோச்சுக்கு டீயில் சர்க்கரை கூடாது என்பதெல்லாம் ரெஜிஸ்டரில் வராது. அதைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடு. சாவியைக் கொடுத்த பிறகு ஒரு வருடத்துக்கு உன் போன் நம்பரை மாற்றாதே.